பனிமேல் விழுந்த பழி

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு காலை. கோத்தகிரிக்குக் கீழே ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். பத்து நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. மாடியில் வாட்டும் தொட்டிகளில் முந்தின நாள் கொழுந்து பரப்பிக் கிடந்தது. விசிறி நின்றால் இலை சூடேறிச் சிவந்துவிடும். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் எனக்குப் போன் போட்டார். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்துவிட்டால் மலையில் பவர் டில்லரில் ஆரம்பித்து மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் ஆள் வரும். இது கொஞ்சம் என் தொழிலுக்குப் பக்கத்து வேலை.

நான் போனபோது மெக்கானிக் தம்பி கையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். மேலே மஞ்சளாக டீசல், கீழே கலங்கலாகத் தண்ணீர், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. அந்த எல்லையில் மட்டும் பழுப்பாக, பால் ஆடை போல ஏதோ ஒன்று தொங்கியது.

"பாருங்க சார், பாதிக்குப் பாதி தண்ணி."

"எங்கிருந்துப்பா வந்துச்சு?"

"பனிதான் சார். நம்ம ஊரு பனிக்கு டேங்குக்குள்ளயே வேர்த்துடும்."

டீமேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை. டீசல் போட்ட பங்கில்தான் கலப்படம் என்றார். டேங்கின் அடியிலிருந்து மொத்தமாக வடித்தபோது ஐந்து லிட்டர் கேனில் முக்கால்வாசிக்கு மேல் வந்தது. நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு பதிலும் எனக்குப் பழக்கமானவை. நடுக்கடலில் ஜெனரேட்டர் ஃபில்டர் அடைத்து, விளக்கெல்லாம் மங்கி எரியும்போதும் இன்ஜின் ரூமில் இதைத்தான் சொல்வார்கள்: ஒன்று டேங்க் வேர்த்துவிட்டது, அல்லது படகில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்த பார்ஜ்காரன் ஏமாற்றிவிட்டான். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் இரண்டும் பொருந்தாது.

முதலில் பனியை எடுத்துக்கொள்வோம். இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். அதற்கு மேல் போனால் அது பனிமூட்டமாகவோ துளியாகவோ வெளியே வந்துவிடும். தொழிற்சாலை டேங்க் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வருகிறது. முழு டேங்கும் தீரும் வரை உள்ளே வந்தது அத்தனையும் நனைந்த காற்று, அதன் ஈரம் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தகரத்தில் வடிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 17 கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி.

சும்மா நிற்கும் டேங்க் மூச்சு விடும் என்பதும் உண்மை. பகலில் சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போகும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி கொட்டும் மார்கழியில் பகலுக்கும் இரவுக்கும் இருபது டிகிரி வித்தியாசம் வரும். பாதி காலியான ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒரு நாளைக்கு முப்பது லிட்டருக்குச் சற்று மேல் காற்று மாறும். அதில் இருக்கும் ஈரம் அதிகபட்சமாகப் போட்டாலும் அரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வருடம் முழுக்க மார்கழியாகவே இருந்தால்கூட கால் லிட்டர் தேறாது. கேனில் இருந்ததோ நான்கு லிட்டர்.

அடுத்தது பங்க். டீசலில் தண்ணீர் கரையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது முக்கால் உண்மை. மிகக் கொஞ்சம் கரையும், எண்ணெய் சூடாக இருந்தால் கூடுதலாகக் கரையும். நம் நாட்டு பி.எஸ். 6 டீசலுக்குத் தண்ணீர் வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் டீசல் சுமார் 830 கிலோ எடை இருக்கும். வரம்பு முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் 166 கிராம், ஒரு டம்ளர் அளவு. கோவைப் பக்கம் இருகூர் டிப்போவில் வெயிலில் நிரப்பிய லாரி குன்னூர் ஏறிக் குளிர்ந்ததும் கரைந்திருந்ததில் ஒரு பங்கு பிரிந்து அடியில் இறங்கும். மலைக்கே உரிய இந்தக் கஷ்டம் சமவெளிக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அப்போதும் நான்கு லிட்டர் வராது. பங்கின் நிலத்தடித் தொட்டியிலேயே மழைநீர் இறங்கியிருந்தால் அது வேறு கதை. ஆனால் அன்றைக்கு அதே பங்கில் போட்ட ஜீப்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

கப்பலுக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது. வெப்பமண்டலக் கடலில் முப்பது டிகிரிக் காற்று கன மீட்டருக்கு முப்பது கிராம் ஈரம் தாங்கும். நூறு கன மீட்டர் டீசல் டேங்க் காலியாகும்போது உள்ளே வரும் ஈரம் மூன்று கிலோ. லட்சம் லிட்டருக்கு மூன்று லிட்டர். ஜெனரேட்டரை நிறுத்த இது போதாது. ஒரு டேங்கில் நூறு லிட்டர், ஒரு டன் என்று தண்ணீர் வந்தால் அது வியர்வையாக இருக்கவே முடியாது. எங்கேயோ திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

கப்பலில் அப்படித் திறக்க வழிகள் உண்டு. பெரிய இன்ஜின் எரிக்கும் கெட்டியான கனரக எண்ணெயைச் சூடாக்க டேங்குக்குள் ஓடும் நீராவிக் குழாயில் பொட்டு ஓட்டை விழலாம். எண்ணெய்க்கும், கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் பாலாஸ்ட் நீருக்கும் நடுவில் இருக்கும் தகடு அரித்துப்போகலாம். ஆழம் அளக்கக் கயிறு விடும் சவுண்டிங் பைப்பின் மூடியை யாராவது திருகாமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது டெக்கின் மேல் நிற்கும் வென்ட் பைப்புக்குத்தான். டேங்க் மூச்சு விடும் மூக்கு அது. திறந்த டெக்கில் அது குறைந்தது 760 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று 1966-ன் சரக்கேற்ற வரம்பு உடன்படிக்கை சொல்கிறது. தலைக்குள் ஒரு மிதவைப் பந்து இருக்கும். அலை ஏறினால் பந்து மேலெழும்பி வாயை அடைக்கும், அலை போனதும் விழுந்து வழி விடும். எளிமையான ஏற்பாடு. பந்து உடைந்தாலோ, பெயின்ட் பூசிப் பூசி ஒட்டிக்கொண்டாலோ, குழாயே முறிந்தாலோ கடல் நேராக டேங்குக்குள் இறங்கும்.

அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 'பிரேயர்' என்ற எண்ணெய்க் கப்பல் சாட்சி. 1993 ஜனவரியில் நார்வேயின் மோங்ஸ்டாடிலிருந்து கனடாவின் கியூபெக்குக்குச் சுமார் 85,000 டன் கச்சா எண்ணெயுடன் கிளம்பியது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுப் பக்கம் கடும் புயல். டெக்கில் கட்டி வைத்திருந்த உதிரி இரும்புக் குழாய்கள் அவிழ்ந்து, கப்பல் சாயும் பக்கமெல்லாம் உருண்டு அடித்தன. அடி விழுந்தது டீசல் டேங்க்குகளின் வென்ட் பைப்புகளில். அதன் பிறகு ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீர் டீசலுக்குள் இறங்கியது.

முதலில் காட்டிக்கொடுத்தது பாய்லர். அது அணைந்தது, திரும்பப் பற்றவில்லை. பாய்லருக்குப் போகும் டீசலைப் பார்த்தால் கடல்நீர். பாய்லர் இல்லாமல் கனரக எண்ணெயைச் சூடாக்க முடியாது, சூடாக்காவிட்டால் அது தார் மாதிரி கெட்டியாகிவிடும். வேறு வழி இல்லாமல் முதன்மை இன்ஜினையும் டீசலுக்கு மாற்றினார்கள். அந்த டீசலில்தான் தண்ணீர். வடித்தார்கள், மறுபடி வடித்தார்கள். கப்பல் உருளும்போது அடியில் தங்கிய தண்ணீர் தங்கியபடி இருக்குமா? கலங்கி மேலே வந்துகொண்டே இருக்கும். ஜனவரி 5 விடியும் முன்பே முதன்மை இன்ஜினும் ஜெனரேட்டரும் நின்றுவிட்டன. ஆட்களை ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். கப்பல் காற்றோடு போய் முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு கார்த்ஸ் நெஸ் பாறையில் மோதியது. எண்ணெய் முழுதும் கடலுக்குப் போனது.

அத்தனை டன் எஃகும் நின்றது நான்கு குழாய்களைச் சரியாகக் கட்டாததால் என்று சுருக்கிச் சொல்வது சுலபம். எனக்கு அதில் உறைப்பது வேறு. தண்ணீர் உள்ளே வந்த இடம் திறந்த டெக்கில், கண்ணுக்கு நேரே நின்ற குழாய். இன்ஜின் ரூம்காரர்கள் போராடிக்கொண்டிருந்ததோ ஐந்தாறு மாடி கீழே, டேங்கின் அடிக்குழாயில். கீழே வடிப்பதை விட வேகமாக மேலே ஊற்றிக்கொண்டிருந்தது.

சரி, தண்ணீர் இன்ஜினை என்ன செய்கிறது? எரியாது என்பது சின்ன விஷயம். எரிபொருள் பம்பில் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே உராய்வைத் தணிப்பது டீசல்தான், வேறு எண்ணெய் கிடையாது. டீசல் போய்த் தண்ணீர் வந்தால் இரும்பும் இரும்பும் உரசும். ஓட்டத்தை நிறுத்தி வைத்தால் ஒரே இரவில் துருப்பிடித்து இறுகிவிடும். டீசலைத் தெளிக்கும் நாசிலின் முனையில் இன்னும் மோசம். சூட்டில் தண்ணீர் சட்டென்று நீராவியாகும், சாதாரண அழுத்தத்தில் ஒன்று ஆயிரத்து அறுநூறாக விரியும். முனையைப் பெயர்த்துவிடுவதும் உண்டு. கடல்நீர் என்றால் சோடியமும் சேரும். கனரக எண்ணெயில் இருக்கும் வனேடியத்தோடு அது கூடினால் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தை உருக்கித் தின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், எரிபொருளில் வேண்டுமென்றே தண்ணீர் கலந்து ஓடும் கப்பல் இன்ஜின்களும் இருக்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடு புகையைக் குறைக்க, மிக நுண்ணிய துளிகளாக அடித்துக் கலந்து, அதற்கென்றே செய்த பம்பால் கொடுக்கிறார்கள். எவ்வளவு, எங்கே, எந்த அளவுத் துளியாக என்பது கையில் இருந்தால் தண்ணீரே மருந்து.

பாட்டிலின் நடுவில் தொங்கிய அந்த ஆடைக்கு வருகிறேன். அது அழுக்கு இல்லை, உயிர். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உண்டு. தண்ணீரில் குடியிருப்பு, டீசலில் சாப்பாடு. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது, விமான எரிபொருளைக்கூட விடாது. கொழகொழவென்று பாயாக வளரும். டேங்க் அசைந்ததும் பிய்ந்து வந்து ஃபில்டரை அடைக்கும், அதன் அமிலம் டேங்கின் அடியைக் குடையும். இதற்கு லிட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டாம், தாளின் தடிமனுக்கு ஒரு படலம் போதும். இந்த இடத்தில் பனிக்கும் பங்கு உண்டு என்று மெக்கானிக் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். வேர்வை இன்ஜினை நிறுத்தாது, பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஜெனரேட்டரில் அதுதான் நடக்கும்.

கப்பலில் தண்ணீருக்கு எதிராக இருக்கும் முதல் ஆயுதம் பொறுமை. எண்ணெயை செட்டிலிங் டேங்கில் ஏறக்குறைய ஒரு நாள் நிறுத்தி வைப்பார்கள். கடல்நீரின் அடர்த்தி 1.025, டீசல் 0.85 சுற்றி. வித்தியாசம் நன்றாக இருப்பதால் துளி தானாக இறங்கும். ஆனால் துளியின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசியாகிவிடும். பம்பு, வால்வு, குறுகிய குழாய் என்று அடிபட்டு நுண்துளியான தண்ணீர் ஒரு நாளில் இறங்காது. டேங்கின் அடியில் ஸ்பிரிங் வைத்த வடிகுழாய் இருக்கும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். வாட்ச், அதாவது காவல்முறை, தொடங்கும்போது முதல் வேலை அதை அமுக்கிப் பார்ப்பதுதான். தண்ணீர் வரும் சத்தம் வேறு, எண்ணெய் வரும் சத்தம் வேறு. பழகின காதுக்கு விளக்கு வேண்டாம்.

இரண்டாவது ஆயுதம் ப்யூரிஃபையர். இதன் பூர்வீகம் பால் பண்ணை. 1878-ல் ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லவால் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்க ஒரு சுழல் இயந்திரம் செய்தார். கனமான பால் விளிம்புக்கு ஓட, லேசான ஆடை நடுவில் நிற்கும். எருமைப் பாலில் வெண்ணெய் கடைந்த மலைவாசிகளுக்கு அதைப் புரியவைக்கப் படம் போட வேண்டியதில்லை. அதே கலத்தில் எண்ணெயை விட்டால் தண்ணீர் விளிம்புக்கும் எண்ணெய் நடுவுக்கும் போகும். நிமிடத்துக்கு 7,000, 8,000 சுற்று. டேங்கில் ஒரு நாள் பிடிக்கும் வேலை சில நொடியில் முடியும். கனரக எண்ணெயின் அடர்த்தி வரம்பே பெரும்பாலான ரகங்களில் 0.991, தண்ணீரோடு ஒட்டிப் பிறந்த மாதிரி. அதனால் அதை 98 டிகிரி வரை சூடாக்கித்தான் உள்ளே விடுவார்கள். நூறைத் தொட்டால் கலத்தின் விளிம்பில் நிற்கும் நீர்வளையம் கொதிக்கும் என்பதால் இரண்டு டிகிரி விட்டுவைத்திருக்கிறார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93-லேயே கொதித்துவிடும். இங்கே கப்பல் ஓடாதது நல்லதாகப் போயிற்று.

பார்ஜ்காரர் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவும் பொய்யில்லை. கப்பல் எரிபொருளுக்கான ஐ.எஸ்.ஓ. 8217 தரப்படி கனரக எண்ணெயில் பெரும்பாலான ரகங்களுக்குத் தண்ணீர் வரம்பு 0.5 சதவீதம். ஆயிரம் கன மீட்டர் வாங்கினால் ஐந்து கன மீட்டர் தண்ணீர் சட்டப்படியே வரலாம், அதற்கும் எண்ணெய் விலை. டீசல் ரகங்களில் நல்லது தெளிவாகப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதே விதி. அதனால் எண்ணெய் ஏறும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, குறைந்தது ஓராண்டு கப்பலிலேயே வைத்திருப்பார்கள். டேங்கின் அடியைப் பார்க்க அளவு நாடாவில் ஒரு பசை தடவி இறக்குவார்கள், தண்ணீர் பட்ட உயரம் வரை சிவக்கும். ஆனால் அந்தப் பசைக்குத் தனியாக நிற்கும் தண்ணீர்தான் தெரியும். எண்ணெயோடு பால்போலக் கலந்திருந்தால் சிவக்காது. அதற்கு ஒரு துளியைச் சுட்ட தகட்டில் விட வேண்டும். அப்பளம் பொரிவது போலச் சடசடத்தால் தண்ணீர். துல்லியமாக வேண்டுமென்றால் மூடிய கிண்ணத்தில் கால்சியம் ஹைட்ரைடு போட்டுக் குலுக்க வேண்டும். தண்ணீர் ஹைட்ரஜனாகி ஏறும் அழுத்தம் எவ்வளவு சதவீதம் என்று காட்டிவிடும்.

கப்பல் டீசலும் பங்க் டீசலும் ஒன்றா என்று மெக்கானிக் தம்பி கேட்டார். உறவு உண்டு, ஒன்றில்லை. கப்பலில் எரிபொருள் ஆவி பற்றும் வெப்பம் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. நம் பங்க் டீசலுக்கு 35 போதும். ஆனால் இப்போது இரண்டையும் ஒரே கவலை பிடித்திருக்கிறது, அது பயோடீசல். 2017-ல் கப்பல் தரத்தில் ஏழு சதவீதம் வரை பயோடீசல் கலக்கும் ரகங்கள் வந்தன. பயோடீசல் ஈரத்தைத் தானே இழுக்கும், சாதாரண டீசலைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும், நுண்துளிகளைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், பூஞ்சைக்கு இன்னும் ருசியான சாப்பாடு. 2020 ஜனவரி முதல் கந்தக வரம்பு 0.5 சதவீதமாக இறங்கியதில் கப்பல்களில் டீசல் ரகங்களின் புழக்கமும் கூடிவிட்டது. முன்பு அவசரத்துக்கு மட்டும் வைத்திருந்த டேங்கின் அடியை இனி அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

கேனில் இருந்த நான்கு லிட்டருக்குத் திரும்புவோம். டேங்க் ஷெட்டுக்கு வெளியே, தகரக் கூரையின் இறவாணத்துக்கு அடியில் நின்றது. அதன் தலையில் ஒரு அங்குல வென்ட் பைப். மழைக்கு ஒதுங்கக் குடைக்காம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டிய குழாய், நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வளைவு முறிந்த இடம் இன்னும் புதிதாக மின்னியது.

"ஆயுத பூஜைக்குப் பெயின்ட் அடிச்சப்ப ஏணி பட்டிருக்கும் சார்," என்றார் டீமேக்கர். "ஆனா இத்தனூண்டு ஓட்டையில அவ்வளவு மழை இறங்குமா?"

நல்ல கேள்வி. ஒரு அங்குல வாயின் பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டர். நூறு மில்லிமீட்டர் மழை கொட்டினாலும் அதில் விழுவது ஐம்பது மில்லி. நான்கு லிட்டர் சேர எட்டாயிரம் மில்லிமீட்டர் மழை வேண்டும், கோத்தகிரியில் ஒரு ஐப்பசியில் அப்படிப் பெய்யாது. அண்ணாந்து பார்த்தேன். வென்ட் பைப்புக்கு நேர் மேலே, கூரைத் தண்ணீர் ஓடும் தகரப் பீலியின் இணைப்பு விட்டிருந்தது. வானத்து மழை இல்லை, கூரை மழை. இருபது சதுர மீட்டர் கூரையில் நூறு மில்லிமீட்டர் பெய்தால் இரண்டாயிரம் லிட்டர் பீலியில் ஓடும். அந்த ஒழுக்கில் ஐநூறில் ஒரு பங்கு குழாய்க்குள் விழுந்திருந்தால் கணக்குச் சரி.

டீசலைப் பேரலில் இரண்டு நாள் தெளியவிட்டு, அடியை விட்டு மேலாக எடுத்து, இரண்டு முறை வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். டேங்கை இறக்கிக் கழுவிப் பூஞ்சையைச் சுரண்டினார்கள். பம்ப் பிழைத்தது, இரண்டு நாசில் போயின. வளைவுக்கு வெல்டிங் வைத்து, பீலியையும் மாற்றினார்கள். அன்றைய கொழுந்து மட்டும் தப்பவில்லை.

இப்போது திங்கள்கிழமைதோறும் டேங்கின் அடியை ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறார்கள். தை பிறந்ததும் மெக்கானிக் தம்பி வழியில் வண்டியை நிறுத்திக் காட்டினார். பளிச்சென்ற டீசலின் அடியில் குன்றிமணி அளவில் இரண்டு சொட்டு உருண்டுகொண்டிருந்தது.

"இது பனிதானே சார்?"

"இது பனிதான்."